பிலோமினா அக்கா சத்தத்தைக் குறைத்த கதை

பிலோமினா அக்காவின் எண்ணிலிருந்தே செய்தி வந்தது. நான் வேலை பார்க்கும் வேடசந்தூர் மில்லில் மதிய ஷிப்ட் மாறுகிற நேரம். ரிமோட் விமானம் ஓட்டும் நம் வாட்ஸப் குழுவில் ஒரு வரி: "பிலோமினா காலையில் தவறிவிட்டாள். மாரடைப்பு. நாளைக்கு அடக்கம்." அனுப்பியவர் அவர் கணவர் சூசை அண்ணன். அதற்கு நேர் மேலே அக்கா கடைசியாகப் போட்ட செய்தி: "ஞாயித்துக்கிழமை யாரும் லேட்டா வராதீங்க. காத்து ஏறிரும்."

நம் கூட்டத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய குளத்துக்குள் நின்று ரிமோட்டில் சின்ன விமானம் ஓட்டியவர். ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போன இடத்தில் வீடியோக்காரரின் ட்ரோனைப் பார்த்து ஆசை பிடித்துக்கொண்டதாம். மூக்கில் புரொப்பெல்லர் வைத்த விமானம்தான் முதலில் வாங்கினார். இறக்கும்போதெல்லாம் அது கல்லில் மோதி புரொப்பெல்லர் உடைந்தது. "இது ஒவ்வொரு தடவையும் மூஞ்சியிலதான் அடிபடுது. பின்னாடி வச்சா என்ன?" என்று கேட்டார். அப்படித்தான் 'புஷர்' ரகத்துக்கு மாறினார். அதில் புரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருந்து விமானத்தைத் தள்ளும்.

உடைவது நின்றது. சத்தம் வந்தது. இறக்கை கலைத்துவிட்ட காற்றை அந்த புரொப்பெல்லர் வெட்டிக்கொண்டே போகும். ரம்பம் போட்டதுபோல அலறும். நமக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. குளத்தில் ஆடு மேய்த்த கருப்பணன் அண்ணனுக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு அவர் நேராக எங்களிடம் வந்தார். "ஏம்மா, உன் வண்டி கத்துற கத்துல ஆடு பூரா சோளக்காட்டுல பூந்துருது. காட்டுக்காரன் என்னையத்தான் வையிறான். ஊருக்குள்ள பேசியாச்சு. இனி இங்க ஓட்டக் கூடாது." அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குளத்தை விட்டால் நமக்கு வேறு இடமும் இல்லை.

அக்கா சட்டென்று சொன்னார்: "சத்தத்தக் குறைச்சுர்றேன் அண்ணே. குறைஞ்சுதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். இல்லைன்னு சொன்னீங்கன்னா நாங்க வரமாட்டோம்."

எங்களுக்குக் கோபம். எல்லோருக்கும் சேர்த்து இவர் எப்படி வாக்குக் கொடுக்கலாம்? திரும்பி வரும் வழியெல்லாம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

முதலில் சின்ன புரொப்பெல்லரைப் போட்டுப் பார்த்தார். தள்ளும் விசை குறைந்ததால் மோட்டாரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்க வேண்டியிருந்தது, அலறல் கூடியது. பிறகு பெரிய புரொப்பெல்லர் ஒன்றை வாங்கி, இரண்டு நுனிகளையும் வெட்டிக் குறைத்தார். அகலமான இதழ், மெதுவான சுற்று. வெட்டிய நுனியை உருட்டி, பின்விளிம்பை மெல்லிசாக்கி, மோட்டாரையும் இறக்கையிலிருந்து ஒரு விரல்கடை பின்னால் தள்ளி வைத்தார். ராவியது எதனால் தெரியுமா? பார்லரில் நகம் தீட்டும் அரத்தால்தான். நான் போனபோது ஒரு கல்யாணப் பெண் முகத்தில் பேஸ்பேக்கோடு படுத்திருந்தாள். அக்கா ஓர் ஊசியில் புரொப்பெல்லரைக் கோத்து, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே இருக்கு?" என்றேன்.

"கண்ணு அப்படித்தான் சொல்லும் தம்பி. புருவம் எடுக்கையில எத்தன தடவ ஏமாந்திருக்கேன்!"

பேஸ்பேக் காய்ந்துகொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகமெல்லாம் வெடித்துவிட்டது. அக்கா அதைக் கழுவிவிட்டு முதலிலிருந்து பூசினார்.

அடுத்த ஞாயிறு கருப்பணன் அண்ணனை அழைத்து வந்து மரத்தடியில் உட்காரவைத்தோம். விமானம் நன்றாகத்தான் ஏறியது. தலைக்கு மேல் வந்ததும் சத்தம் அடியோடு நின்றது. புரொப்பெல்லர் மட்டும் தனியாகப் பறந்து முள்ளுக்குள் விழுந்தது. புதுப் புரொப்பெல்லர் பழையதற்கு எதிர்த்திசையில் சுற்றியதில் நட்டு தானாகவே கழன்றுவிட்டது. அக்கா பதறாமல் விமானத்தைச் சறுக்கவிட்டு மணலில் இறக்கினார்.

கருப்பணன் அண்ணன் எழுந்து நின்றார். "இப்பத்தாம்மா நல்லாருக்கு. இப்படியே ஓட்டு."

அக்கா தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுவாரம் கழலாத லாக் நட்டு போட்டுக் கொண்டுவந்தார். விமானம் குளத்தை இரண்டு சுற்று சுற்றியது. விசிறி ஓடுவதுபோல ஓர் இரைச்சல், அவ்வளவுதான். ஆடுகள் தலையைத் தூக்கவில்லை. கருப்பணன் அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டே, "எப்ப விடப் போறீக?" என்று கேட்டார். விமானம் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு நம் விமானங்கள் எல்லாவற்றின் புரொப்பெல்லர்களும் பார்லருக்குப் போய்வந்தன.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு, சூசை அண்ணன் குளத்துக்கு வந்தார். அவர் பஸ் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி என்பதால் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. கையில் அக்காவின் விமானம்.

"இது ஓடுற சத்தத்த ஒருதடவ கேக்கணும்" என்றார்.

நான் ஏற்றினேன். அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "எங்க, ஒண்ணுமே கேக்கலையே?"

தாழ்வாக, அவர் தலைக்கு மேலேயே கொண்டுவந்தேன். கேட்டது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்புட்டுதானா? இதுக்கா வீடு பூரா பிளாஸ்டிக் தூசி?"

அழ வந்தவர்களெல்லாம் சிரித்தோம். அவரே இன்னொரு சுற்று கேட்டார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. மில்லில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் முடித்ததும் நானே காது கொடுத்துப் பார்த்து, சரி என்று கிளம்பிவிடுவேன். இப்போது, அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணிடம் போய்க் கேட்கிறேன்: "சத்தம் குறைஞ்சுச்சாம்மா?" இல்லை என்று தலையாட்டினால், மறுபடியும் ஸ்பேனரை எடுக்கிறேன்.