துண்டுக்கு அடியில் பேசி முடித்த நடை

திண்டுக்கல் வட்டார மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, எங்கள் அப்பா வாழ்க்கையில் முதன்முறையாக ஷூ போட்டார். லேஸ் கட்டியது அடியேன். நடக்க வைத்ததும் அடியேன்தான். டாக்டரும் அம்மாவும் இரண்டு மாதமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம் இது.

அப்பா மாட்டுத் தரகர். சந்தை நாளில் விடியலிலிருந்து உச்சிவெயில் வரை மாடுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தவர். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு போய்விட்டது. அப்பா வீட்டுக்குள் அடைபட்டுவிட்டார். தினமும் நடை என்றார் டாக்டர். இவர் வாசல் நடையைத் தாண்டவில்லை. கேட்டால் வெயில் என்பார், நாய் என்பார். பயம் என்று மட்டும் சொல்லமாட்டார்.

நான் தேர்ந்தெடுத்தது, சிறுமலை போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் பூங்கா. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ் வாசலிலேயே நிற்கும். நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பத்து ரூபாய். உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை, மரங்களுக்கு நடுவே வட்டமடித்து வாசலுக்கே திரும்பும். மேடு பள்ளம் கிடையாது. வேம்பு, புங்கை, உசிலை எல்லாம் கழுத்தில் பெயர்ப்பலகையோடு, எங்கள் வகுப்பைவிட ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன.

முதல் வளைவிலேயே ஒரு பெஞ்சு. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"போதும்லே. திரும்புவோம்."

"இப்பத்தானப்பா வந்தோம். டிக்கெட்டே இன்னும் கசங்கலை."

"செத்த நேரம் சும்மா இருலே."

நடக்க வந்த நாலைந்து பேர் எங்களையே பார்த்தபடி கடந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி மல்லுக்கட்டுவது? அப்பாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே என் கையை விட்டேன். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது இப்படித்தான்: வாய் திறக்காமல், துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். இன்னும் ஐந்து பெஞ்சு.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, எடுத்த எடுப்புல இம்புட்டுக் கேட்டா சந்தையை விட்டே வெரட்டிருவாங்க."

அவர் ஒரு விரலைப் பிடித்தார். நான் நாலுக்கு இறங்கினேன். அவர் இரண்டுக்கு ஏறினார். மூன்றில் முடிந்தது.

அப்போதுதான் கவனித்தேன், துண்டுக்குள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஜோடி மாடுகளைப் பேசி முடித்த கை. விலையை மறைக்கத்தான் துண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்; பயத்தை மறைக்கவும் அது போதும் போலிருக்கிறது. கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், பிடித்த கையை விடாமல் எழுந்தேன்.

அதற்குப் பிறகு நான் மரம் பார்க்கவில்லை. அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். காலடியில் சருகு சத்தம் போட்டால் சருகின் மேல் கோபம் வந்தது. மூன்றாவது பெஞ்சு வந்தது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுப் பாதையும் சுற்றி வாசலுக்கு வந்துதான் நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு வெயில் ஏறிவிடும். உள்ளே கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். தயங்குகிறவரை அழைத்துப்போனால் மொத்தத் தூரத்தைச் சொல்லாதீர்கள், அடுத்த பெஞ்சை மட்டும் காட்டுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அடுப்படியில் அப்பா அம்மாவிடம் சொல்வது காதில் விழுகிறது:

"துண்டுக்குள்ள பயலுக்குக் கை வெடவெடன்னு ஆடுச்சு, பாவம். பாதியில திரும்புனா இன்னும் பயந்துருவான்னுதான் முழுசாச் சுத்துனேன்."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், என் கைதான்.

ஆகவே முதல் பத்தியில் ஒரு திருத்தம்: லேஸ் கட்டியது மட்டும் அடியேன்.