மார்த்தாவின் அப்பா மொழி: ரஸல் ஸ்கொயரில் ஒரு மதியம்

பப்புவா மொழி கேட்க லண்டன் புறநகரான சட்டனில் ரயில் ஏறினோம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை உண்மையாகவே போனோம். காரணம், நான் வேலை செய்யும் மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருக்கும் மார்த்தா. இந்தோனேசியாவின் அலோர் தீவுக்காரி. அம்மாவின் மொழி அபுயி. அதுதான் அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பந்தர் தீவிலிருந்து வந்த அப்பாவின் மொழி டெய்வா. அதை அவள் கற்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். இரண்டும் ஒரே பப்புவா மொழிக் குடும்பம்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் டெய்வா பதிவுகள் இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். “ஒண்ணுமே புரியலன்னா? நீயும் வா,” என்றாள்.

செயின்ட் பாங்க்ராஸ் வரை ஒரே ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ரஸல் ஸ்கொயருக்கு ஒரு கிலோமீட்டர் போல நடை. நடக்கும்போது மார்த்தா சொன்னாள்: அவர்கள் ஊரில் ‘வா’ என்றால் மேலிருந்தா, கீழிருந்தா, சமதளத்திலா என்பதும் சொல்லிலேயே வந்துவிடுமாம். மலைத்தீவுக்காரர்கள் அல்லவா.

வரவேற்பு மேசையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“தண்ணிப் போத்தில் உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது அக்கா. இஞ்சை வையுங்கோ.”

“சரிங்க, வச்சிட்டுப் போறேன்.”

இரண்டு ஹெட்போன்கள் தந்தார். முதல் பதிவில் வேகமான பேச்சு. மார்த்தா தலையசைத்தாள்: இல்லை. இரண்டாவதும் அப்படியே. அவள் முகம் வாடியது. மூன்றாவதில் ஒரு முதியவர் உடலுறுப்புகளை நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

‘நாதான்.’

மார்த்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “என் கைன்னு சொல்றார். நாங்க ‘நாதங்’னு சொல்வோம்.”

‘நா’ என்றால் ‘என்’. தமிழ் மூளை உடனே ‘நான்’ பக்கம் ஓடத்தான் செய்தது. அது வெறும் தற்செயல், நம்பிவிடாதீர்கள். எனக்குச் சிலிர்த்தது வேறு காரணத்துக்கு. நடுவே கடல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இரு கரையிலும் கை அதே கையாக இருக்கிறது. மார்த்தா தன் கையைத் தூக்கிப் பார்த்து, ‘நாதான்’ என்று அப்பாவின் மொழியில் சொன்னாள். மறுபடி சொன்னாள்.

எங்கள் நேரம் முடிந்ததும் எழுந்தோம். மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “அடுத்த ஆள் வரேல்லை. ஆறுதலா இருந்து கேளுங்கோ, அவசரமில்லை.”

மாலை வரை இருந்தோம். வெளியே வந்ததும் பந்தரிலுள்ள சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல்லைக் குரல்செய்தியாக அனுப்பினாள். மறுநாள் ஷிப்டில் பதிலைப் போட்டுக் காட்டினாள். சித்தப்பா நீளமாக, டெய்வாவிலேயே பேசியிருந்தார்.

“புரிஞ்சுதா?”

“பாதிகூட இல்ல. ஆனா எப்பவும் போல இந்தோனேசியன்ல பேசாம, என்கிட்ட இதுலயே பேசியிருக்கார்.”

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம், முன்பதிவு அவசியம். ஒரு மணி நேரம் போதாது, இரண்டாகக் கேளுங்கள். உறுப்புப் பெயர்களில் தொடங்குங்கள், கதைகள் பிறகு. பந்தருக்கே போவதென்றால் குப்பாங் நகரம் வழியாக அலோருக்கு விமானம், பிறகு படகு. ஆகஸ்டில் மார்த்தா போகிறாள். லீவு கிடைத்துவிட்டது.