தொரை பங்களாவில் கேட்ட பாட்டு

கணவர் வாங்கி வந்த பெட்டியில் ஓர் ஆங்கில சைக்கடெலிக் ராக் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகள் இருந்தன. முதல் இசைத்தட்டு சுழன்றதுமே பூனாகலை தேயிலைத் தோட்ட மேலாளரான தொரையின் பங்களாத் தரைமெழுகு வாசனை மூக்கில் ஏறியது. அங்கே அப்பா சமையல்காரர், அவர்கள் வாயில் ‘அப்பு’; நாங்கள் குடியிருந்தது தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில். ஒரு விருந்து நாளில் சிறுமியான நான் அங்கே ஒலித்த இதே கிட்டார் சத்தத்தில் மயங்கி, மழையில் நனைந்த காலோடு ஹாலுக்குள் போய்விட்டேன்.

“லயத்துப் புள்ளைக்கு இங்க என்ன வேலை அப்பு? தரையைத் துடை,” என்றார் தொரை. விருந்தாளிகள் சிரித்தார்கள். அப்பா மண்டியிட்டு, தோள்துண்டால் என் கால்தடங்களைத் துடைத்தார்.

ஓய்வுபெற்ற அந்தத் தொரை இப்போது எங்கள் தெருவில்தான் இருக்கிறார். இதெல்லாம் தெரியாத கணவர் அவரைப் பாட்டுக் கேட்க அழைத்திருந்தார். அவர் வந்து மணியடித்ததும் நான்தான் கதவைத் திறந்தேன்.

“புள்ள தூங்குறா ஐயா. இன்னைக்கு முடியாது,” என்றேன்.

மகள் என் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாட்டு ஓடியது. செய்தது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அது பொய்யென்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான் கதவை அகலத் திறந்திருந்தேன்.