ஆடவே இல்லை என்றார்

பூமி ஆடியது நிஜம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. வடக்கே எங்கோ மலைப்பக்கம் பெரிய பூகம்பம். இங்கே கொல்கத்தாவில் எங்கள் நியூ டவுன் கட்டடம் ஊஞ்சல் மாதிரி ஆடிற்று. நாங்கள் இருப்பது பதினேழாவது மாடி. லிஃப்ட் வேண்டாம் என்று கத்திக்கொண்டே படியில் இறங்கினோம். அடுத்த ஃபிளாட் தீதி, நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் வங்காளி, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் சங்குமாக, மாடிக்கு மாடி நின்று ஊதிக்கொண்டே வந்தாள். பூமி ஆடினால் சங்கு ஊதி அதை அடங்கச் சொல்வது வங்காளிகள் வழக்கம். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்த புதிதில் அதைக் கேட்டு, யார் போய்விட்டார்களோ என்று நான் பதறியதுண்டு. இப்போது சங்கு கேட்டால் எனக்கும் செருப்பைத் தேடத்தான் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே என் கணவரிடம் சொன்னேன். "போறும்னா. பழையபடி டாக்குரியாவிலேயே கீழ் போர்ஷனா ஒண்ணு பார்த்துண்டு போயிடலாம்." இந்த ஃபிளாட் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று என்னை டாக்குரியாவிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார். "ஆனது ஆயிடுத்து. இனிமே ஆடாது," என்றார், ஏதோ பூமியையே கேட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி.

ஆடியது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சோபா லேசாக நழுவினாற்போல் இருந்தது. "ஏன்னா, ஆடறதே!" என்றேன். பேப்பரை இறக்காமலே, "ஒண்ணும் ஆடலை. உன் தலைதான் சுத்தறது," என்றார். மறுபடி ஒருநாள் சுவாமி அலமாரி முன்னால் நிற்கும்போது. இன்னொரு நாள் தலை துவட்டும்போது. ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரே அத்தாட்சிதான்: "நிஜமா ஆடினா அடுத்தாத்துல சங்கு ஊதமாட்டாளா? கேக்கறதா உனக்கு?" கேட்கவில்லை. எங்கள் தளத்தில் மூன்றாவது ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது. மற்ற மாடிகளில் ஊதினாலும் இங்கே எட்டாது. தீதியை விட்டால் சங்கு ஊத ஆள் இல்லை. போனில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்துச் சொன்னவரும் அவர்தான். "ஒரு நியூஸும் இல்லை," என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் போனேன், மண்டு!

எனக்கு உள்ளுக்குள் வேறு பயம். என் அம்மாவுக்கு என் வயதில்தான் நினைவு தப்ப ஆரம்பித்தது. இல்லாத ஆட்களோடு பேசினாள். கடைசியில் என்னையே யார் என்று கேட்டாள். அந்தப் பயத்தை நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர். அதைத்தான் அவர் டாக்டரிடம் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு, "ஹர் மதர் ஆல்சோ..." என்று ஆரம்பித்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் என் கணவரே தண்ணீரோடு கொண்டுவந்து தருவார். எவ்வளவு அக்கறை என்று நான் உருகிப்போனேன்.

ஒரு மத்தியானம் தீதிக்கு அடை கொண்டுபோய்க் கொடுத்தேன். பேசிக்கொண்டிருக்கையில் நாற்காலி நகர்ந்தது. நான் வாயே திறக்கவில்லை, என் தலைதானே. ஆனால் தீதி, "துர்கா! துர்கா!" என்று எழுந்து ஓடி, சங்கை எடுத்து வாயில் வைத்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே கீழே இறக்கிவிட்டாள்.

"உங்களுக்கும் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? எல்லாத் தடவையும்தான் தெரியுது," என்றாள் பெங்காலியில். அவளுக்கு என் கணவர் தாதா, நான் பௌதி. "தாதாதான் ஊதாதீங்கன்னு சொல்லியிருக்கார், பௌதி. சத்தம் கேட்டா நீங்க பயந்துடுவீங்களாம்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். என் தலைக்கு ஒன்றுமில்லை. அடுத்துத்தான் அவர் நினைப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவர் பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "இப்ப ஆடித்தோன்னா?" என்று கேட்டேன். நிஜத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை விட்டுவிட்டு, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல், "இல்லையே. மாத்திரை போட்டுண்டியோ?" என்றார்.

பாவி மனுஷன்!

"தீதி எல்லாம் சொல்லிட்டா," என்றேன்.

கீழே கிடந்த பேப்பரை எடுத்து மடித்தார். பிறகு, "உன் நல்லதுக்குத்தான். இல்லாட்டா டாக்குரியா டாக்குரியான்னு பிடுங்கி எடுத்திருப்ப," என்றார்.

"அதுக்காக என்னைப் பைத்தியமாக்குவேளா? அதுவும் எங்கம்மாவை இழுத்து? என் பேரு, பொண்ணு பேரு எல்லாம் மறந்துடலையேன்னு தெனம் படுக்கையில முணுமுணுத்துண்டு கெடந்தேனே, தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று தலையசைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவரே அறைக்குள் ஓடிவந்தார். "எழுந்திரு, ஆடறது! நிஜமாவே ஆடறதுடி!" என்று கையை நீட்டினார். எதிரே தொங்கும் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அவர் சொன்னதையே வேதமாக எடுத்துக்கொண்டவள் நான். கண்ணால் விளக்கைப் பார்த்த பிறகும், சொல்வது அவர் என்பதால், நம்பாமல் உட்கார்ந்திருந்தேன்.