செத்த மால், இருபது பெட்டி

சனிக்கிழமை நாங்கள் அனுப்பிய இருபது பெட்டிக் காந்தமும் திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு அதே வண்டியில் திரும்பி வந்தன. டிரைவர் கொண்டுவந்த தாளில் ஒரே வரி: "உயிரில்லாத சரக்கு. நிராகரிக்கப்பட்டது."

பீளமேட்டில் எங்கள் பட்டறையில் செய்வது ஃபெரைட் காந்தம். இரும்பு ஆக்சைடு கலந்த பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுடுவோம். பீங்கான் வகைதான், கீழே விழுந்தால் டீ கப் போலவே உடையும். சூளையிலிருந்து வரும்போது அது எதையும் இழுக்காது. வாங்குபவர்கள் மோட்டார் கூட்டுக்குள் ஒட்டிய பிறகு, மேக்னடைசரில் வைத்து ஒரே ஒரு அடி மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்கிக்கொள்வார்கள். அதுவரை அது எங்கள் பேச்சில் 'செத்த மால்', அதாவது செத்த சரக்கு. காந்தம் ஏற்றியது 'உசுரு மால்'. இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று பெட்டி மேலேயே மார்க்கரில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். தர ஆய்வு என் பொறுப்பு.

சரக்கைத் திருப்பி அனுப்பிய, பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் வைப்பர் மோட்டார் கம்பெனிக்குத் தங்கவேல் என்பவர் ஸ்டோர்ஸ் மேனேஜராகப் புதிதாக வந்திருந்தார். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு குண்டூசியை எடுத்து ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒட்டவில்லை. நான் போனில் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"ஏனுங்க அம்மணி, செத்த மாலுன்னு நீங்களே எழுதி அனுப்பிச்சுபோட்டு, இப்ப நல்ல மாலுன்னா எப்படிங்க?"

எழுதியிருந்தது என் கையெழுத்தில்தான். வியாழனுக்குள் ஒட்டுகிற காந்தம் வராவிட்டால் சப்ளையர் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எங்கள் இரண்டாம் சூளை ஓடுவதே அந்தக் கம்பெனிக்காகத்தான். அது அணைந்தால் அங்கே ஆறு பேருக்கு வேலையில்லை.

தங்கவேலுக்கு மேலே இருப்பவரிடம் பேசிப் பார்க்கலாமா என்றார் முதலாளி. வேண்டாம், அவர் கேட்டதையே கொடுத்துவிடலாம் என்றேன். முதலாளி என்னைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"அம்மணி, நல்ல எண்ணத்துலதான சொல்றீங்க?"

"கேட்ட மாலு, கேட்ட தேதிக்குப் போயிருமுங்க" என்றேன்.

இரண்டாயிரம் துண்டுகள். ஒவ்வொன்றாக மேக்னடைசரில் வைத்து எடுக்க ஒன்றரை நாள் ஆனது. ஒன்றோடொன்று மோதி உடையாமலிருக்க, துண்டுக்குத் துண்டு நடுவில் அட்டை வைத்துத்தான் அடுக்கினேன். அவ்வளவு கெட்டவள் அல்ல.

புதன்கிழமை மதியம் சரக்கு போய்ச் சேர்ந்தது. குண்டூசி ஒட்டியதும் தங்கவேல் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் டிரைவர் வந்து சொன்னார். பெட்டியைப் பிரித்த உடனே காந்தங்கள் இரும்பு மேசையைப் பிடித்துக்கொண்டன. பசை தடவி மோட்டார் கூட்டுக்குள் வைக்கப் போனால், கைக்கு முந்திப் பாய்ந்து கோணலாக உட்கார்ந்தன. பக்கத்துக் கடைசல் இயந்திரத்தில் சிதறிய இரும்புத் துகள் ஏறி, ஒவ்வொன்றுக்கும் மீசை முளைத்தது. நான் பிரித்துக் காட்டுகிறேன் பார் என்று முன்னால் வந்த தங்கவேலின் சுண்டுவிரல் இரண்டு காந்தங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

நான்கு மணிக்கு அவரே கூப்பிட்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஏனுங்க அம்மணி, இதைய மறுபடி சாகடிக்க முடியுமுங்களா?"

முடியும். சூளையில் ஐந்நூறு டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டால் ஃபெரைட் தன் இழுப்பை மொத்தமாக விட்டுவிடும். மற்றபடி அதற்கு ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை காலை, விரலில் கட்டோடு அவரே காந்தப் பெட்டிகளை ஏற்றிய வண்டியில் வந்து இறங்கினார். இரண்டாம் சூளையின் ஆறு பேரோடும் உட்கார்ந்து டீ குடித்தபடி, காந்தம் ஏன் 'செத்து' வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். விளிம்பு தெறித்த நாற்பத்தொரு துண்டுகளை எண்ணி ஒதுக்கி, வேறு கொடுத்தோம். வெள்ளிக்கிழமை, ஆறிய துண்டுகளில் குண்டூசி வைத்துப் பார்த்து, "சுத்தமாச் செத்துப்போச்சுங்க" என்று சிரித்த முகத்தோடு வாங்கிப் போனார். பட்டியலில் எங்கள் பெயர் நின்றது, சூளையும் நின்றுவிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பட்டறைக்குள் புழங்குகிற சொல்லை வெளியே அனுப்பாதீர்கள். பெட்டி மேல் எழுதுவது, அதைத் திறப்பவர் படிப்பதற்கு. இப்போது 'காந்தம் ஏற்றப்படாதது' என்று முழுதாக எழுதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. தங்கவேலுக்குப் புரியவைக்க ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் காந்தம் ஏற்றி அனுப்பியிருந்தாலே போதும். இது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்.