கம்பி எங்கே ஓடுகிறது

கொளஞ்சியப்பனிடம் வேலை பார்த்துவிட்டு அவன் கையால் ஒரு அறையாவது வாங்காமல் தப்பித்தவர்கள் விருத்தாசலத்தில் குறைவு. கொத்தனார் மேஸ்திரி. பூச்சு கோணலாக இருந்தால் கரண்டியைத் திருப்பி முழங்கையில் போடுவான். கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் சட்டியோடு தலையில் கவிழ்ப்பான். ஜங்ஷன் டீக்கடையில் சொந்த மைத்துனனின் பல்லை உடைத்தான். இவன் கட்டிய சுவரைப் பார்த்து அந்த ஆள் உதட்டைப் பிதுக்கியதுதான் குற்றம். ஆனால் வேலை சுத்தம். அவன் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாது. அதனால் ஆட்கள் அடியையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், வீட்டுக்காரர்கள் திட்டிக்கொண்டே கூப்பிட்டார்கள்.

அந்தக் கை ஒருவன் மேல் மட்டும் விழுந்ததில்லை. தம்பி மாயவன். அம்மா செத்தபோது மாயவன் நடக்கவே ஆரம்பிக்கவில்லை. கொளஞ்சிதான் ஆக்கிப் போட்டு, குளிப்பாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய் வளர்த்தான். பிறகு பூச்சு வேலையில் தன்னோடு சேர்த்துக்கொண்டான். மாயவன் தப்புச் செய்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு அறை விழும். அதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு இரண்டாயிரமாம் வருஷம் நின்றது. பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. தளம் போட்டுக் காய்ந்தபிறகு வீட்டுக்காரருக்கு மாடியில் ஒரு குளியலறை வேண்டும் என்று ஆசை வந்தது. பிளம்பர் அர்ச்சுனனை வரவழைத்தார். அர்ச்சுனன் சின்ன வயசுக்காரன், பயந்த சுபாவம். பைப்பை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கொளஞ்சியிடம் வந்து, "மேஸ்திரி, பால்கனி பீமுல கம்பி எங்க ஓடுது?" என்று கேட்டான். அப்போதுதான் வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்திருந்த கொளஞ்சி, அவன் இடுப்பில் ஒரு உதை விட்டான். குழாய் மாட்டுகிறவனுக்குக் கம்பியைப் பற்றி என்ன பேச்சு என்றான். மணல் குவியலில் விழுந்த அர்ச்சுனன் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் குருட்டாம்போக்கில் உளியை வைத்தான். மூன்று கம்பிகள் அறுந்தன. அந்த வாரமே பால்கனி கழன்று, அடியில் பூசிக்கொண்டிருந்த மாயவன் மேல் விழுந்தது.

கான்கிரீட் பாளத்தைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கியபோது அடியில் கிடந்தது ஆள் மாதிரியே இல்லை. கையில் பிடித்திருந்த மட்டப்பலகையை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. கொளஞ்சி அழவில்லை. அதே கடப்பாரையோடு அர்ச்சுனன் வீட்டுக்கு நடந்தான். கதவைப் பிளந்தான், பானை சட்டியை நொறுக்கினான், குறுக்கே வந்த அர்ச்சுனனின் தகப்பனாரைத் தள்ளியதில் அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அர்ச்சுனன் பின்சுவர் ஏறி ஓடியிருக்காவிட்டால் அன்று இரண்டாவது பிணம் விழுந்திருக்கும். கொளஞ்சி ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்ததும் மணவாளநல்லூர் கோயிலில் தன் பேர்க்கார சாமியிடமே அர்ச்சுனன் மேல் பிராது எழுதி, சீட்டைச் சன்னதியில் கட்டினான். தம்பியைக் கொன்றவன் என்று சொன்னான். அந்த உதையைச் சொல்லவில்லை. சாமிக்கும் பாதிக்கதைதான் போனது.

நம் ஊரில் வீடு கட்டும் லட்சணமே இதுதானே. ஒருத்தன் கட்டுவான், அடுத்தவன் வந்து உடைப்பான், மூன்றாமவன் உடைத்ததைப் பூசி மறைப்பான். ஒருவருக்கொருவர் பேச மாட்டார்கள். அதில் காலம் பூரா குடியிருக்கப் போகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும்.

இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று வந்தவள் எஞ்சினியர் பூர்ணிமா. மாயவன் செத்த ஐந்தாம் வருஷம், பீங்கான் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு அறக்கட்டளை விடுதி கட்டியது. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தங்கப் போகிற பெண்கள், எல்லோரும் வாரம் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் வேலை நடக்கும் என்றாள். லாபமோ நஷ்டமோ எல்லோருக்கும் பொது. கட்டிக் கொடுத்ததோடு கழன்றுகொள்ள முடியாது. பத்து வருஷத்துக்கு வருஷா வருஷம் கட்டியவர்களே வந்து பழுது பார்க்க வேண்டும். சூளையில் விரிசல் விட்டுக் கொட்டிக் கிடக்கும் வெள்ளைப் பீங்கானை உடைத்து மொட்டைமாடியில் பதித்தால் வெயில் உள்ளே இறங்காது, குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும் என்று ஒவ்வொன்றையும் அங்கேயே பேசி முடிவு செய்தார்கள்.

ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு வேறு வேலை கிடைக்காததால் கொளஞ்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் கூட்டத்துக்குப் போனால் எதிரே அர்ச்சுனன். நாற்காலி பறந்தது. அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டதால் சுவர்தான் அடி வாங்கியது. இரண்டு பேரில் ஒருவரை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். பூர்ணிமா அனுப்பவில்லை. சேர்ந்து வேலை செய்தால் சரியாகிவிடும் என்று நம்பினாள். படித்த பிள்ளை, நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. அதன்பின் கூட்டம் நடக்கும் கொட்டகைக்குள் அர்ச்சுனன் குரல் கேட்டாலே கொளஞ்சி வாசலோடு திரும்பிவிடுவான்.

அப்படி அவன் திரும்பிப் போன ஒரு கூட்டத்தில்தான் வாசுகி பேசினாள். பீங்கானுக்கு மெருகு பூசும் வேலை அவளுக்கு. குளியலறை ரோட்டைப் பார்த்த மாதிரி இருந்தால் கண்டவன் எல்லாம் நின்று பார்ப்பான், பின்பக்கம் மாற்றுங்கள் என்றாள். மாற்றினால் பைப்பு ஒரு பீமைத் தாண்டியாக வேண்டும். கம்பி கட்டும் தர்மராஜும் அர்ச்சுனனும் பூர்ணிமாவும் மணிக்கணக்கில் பேசி ஒரு வழி கண்டார்கள். கான்கிரீட் போடும் முன்பே பீமின் நடுவில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வைத்துவிடுவது, அதைச் சுற்றிக் கூடுதலாகக் கம்பி கட்டுவது. பிறகு எதையும் உடைக்க வேண்டியதில்லை. இதைக் கொளஞ்சியிடம் சொல்லச் சொல்லி ஒரு ஆளை அனுப்பினார்கள். அர்ச்சுனன் பேரை எடுத்தால் செவுளில் விழுமே என்று பயந்து, அந்த ஆள் கொளஞ்சியிடம் சொல்லாமலே இருந்துவிட்டு, சொல்லிவிட்டதாகப் பூர்ணிமாவிடம் சொன்னான்.

தளம் போடும் நாள் காலையில் கிடா வெட்டினார்கள். நாலு மூலையிலும் ரத்தம் தெளித்தார்கள். மிஷின் உறுமிக்கொண்டு கலவையைக் கொட்ட, பெண்கள் வரிசையில் நின்று சட்டி மாற்ற, கொளஞ்சி மம்பட்டியோடு பின்பக்கம் வந்தான். அங்கே பீமின் வயிற்றுக்குள் ஒரு குழாய் நுழைந்திருந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டு அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தான் அர்ச்சுனன்.

கொளஞ்சிக்கு மாயவன் கிடந்த கோலம்தான் கண்ணில் வந்தது. மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி இறக்கினான். அர்ச்சுனனின் வலது மணிக்கட்டு கம்பிக்கும் மம்பட்டி இரும்புக்கும் நடுவில் நசுங்கிய சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மறுபடி ஓங்கியபோது ஐந்தாறு பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். யாரோ அவன் முகத்தைத் தளத்துக் கம்பியில் தேய்த்ததில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

தர்மராஜ் அவன் தலைமுடியைப் பிடித்துப் பீமுக்கு நேராகத் திருப்பினார்.

"நல்லா பாருடா. எத்தன கம்பி சேத்துக் கட்டியிருக்கு, எண்ணு. இந்தக் கம்பியக் கேட்டு வாங்குனவன் அவன்தான்."

கொளஞ்சி ரத்தக்கண்ணோடு பார்த்தான். குழாயைச் சுற்றி நெருக்கி நெருக்கிக் கம்பி. அவன் பார்த்த எந்தக் கட்டடத்திலும் அவ்வளவு பத்திரமாக ஒரு பீம் கட்டப்பட்டதில்லை. அதுவரை விடாமல் பிடித்திருந்த மம்பட்டி கையிலிருந்து நழுவியது. தொங்கும் கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த அர்ச்சுனன், கலவை இறுகுகிறது, நிறுத்தாமல் போடுங்கள் என்று மட்டும் சொன்னான். தளம் நின்றால் பழைய கலவையும் புதுசும் ஒட்டாமல் நடுவில் மூட்டு விழுந்துவிடும். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த பீமில் கலவையைக் குத்தி இறக்கியது கொளஞ்சிதான். அழுதுகொண்டே செய்தான். அழுவதை யாரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மணிக்கட்டு எலும்பு தூளாகிவிட்டது, விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து கேட்டபோது, சாரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்றான் அர்ச்சுனன். வாசலில் நின்ற கொளஞ்சியைக் கூப்பிட்டனுப்பினான்.

"உன்ன உள்ள தள்ளுனா ஒக்காந்து சோறு திம்ப. எனக்கு என்ன வரும்? பத்து வருஷம் அந்தக் கட்டடத்துக்குப் பைப்பு பாக்குறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்தக் கையில ஸ்பேனர் நிக்காது. நீ வா. நான் சொல்றத உன் கை செய்யட்டும்."

கொளஞ்சி தலையை ஆட்டினான்.

முதல் வருஷப் பராமரிப்பு இரண்டாயிரத்து ஏழில் வந்தது. மாடியில் வெள்ளைப் பீங்கான் பளபளத்தது. உள்ளே வெக்கை தெரியவில்லை, பெண்கள் மதியத்திலும் தூங்கினார்கள். பின்பக்கம் பைப்பு ஓடும் இடைவெளியில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். ஒரு பைப்பு கொஞ்சம் தொங்கியதால், பீமின் பக்கவாட்டில் துளை போட்டு, அதைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. கதவு வழியாக உள்ளே நுழைந்து கொளஞ்சி டிரில் மிஷினைத் தூக்கி வைத்தான். பின்னால் நின்ற அர்ச்சுனன் அவன் தோளைத் தொட்டான்.

"மொதல்ல கேளு."

"என்னத்த?"

"அன்னைக்கு நான் உங்கிட்ட கேட்டத."

கொளஞ்சியின் முஷ்டி இறுகியது. பழைய ஆளாக இருந்தால் அந்த டிரில்லே அர்ச்சுனன் நெஞ்சில் இறங்கியிருக்கும். திரும்பினான். மடங்காத விரல்கள் அவன் முகத்துக்கு நேராக இருந்தன. அந்தச் சந்தில் வேறு எங்கும் பார்க்க இடமில்லை.

"கம்பி..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அர்ச்சுனன் காத்திருந்தான். உதவவில்லை.

"கம்பி எங்க ஓடுது, அர்ச்சுனா?"

கேட்டு முடித்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மாயவா, மாயவா என்று வாய் மட்டும் அரற்றிக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் முன்னால் இதற்கு ஒரு வாய் பதில் சொல்லியிருந்தால் அவன் தம்பி இன்றைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருப்பான். அர்ச்சுனனுக்கு அவன் மேல் இரக்கம் வந்ததா என்று சொல்ல முடியாது. அழுகை ஓயும்வரை நின்றான். பிறகு அந்த விளங்காத கையைப் பீமின் மேல் வைத்தான்.

"இங்க ஓடுது. இதுல வெக்காத. நாலு வெரக்கட எறக்கிப் போடு."

கொளஞ்சியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாலு விரற்கடை இறக்கித் துளை போட்டான்.