கேஜுக்குள் கொரோனா

கொரோனா வந்த வருஷம் என் மகள் டென்மார்க்கில் ஒரு மிங்க் பண்ணையில் வேலை செய்தாள். மிங்க் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி. சீமாட்டிகள் கோட்டு மாட்டிக்கொள்ள அதைக் கொன்று தோலுரிக்கும் கௌரவமான தொழில்.

"கேஜுல எல்லாத்துக்கும் கொரோனாம்மா" என்று ஒருநாள் போனில் சொன்னாள்.

எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் லிஃப்ட். பதறிவிட்டேன்.

"இன்னாடி சொல்ற? உன்கூட எத்தினி பேரு நின்னாங்க?"

"ஐயோ, மிங்க் கூண்டும்மா!" சிரித்தவளுக்கு இருமல் வந்தது.

"உனக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"

"மொதல்ல மிங்குக்குதான். எனக்கு நாளைக்காம்."

தோலுக்கு இருந்த அவசரம் என் பிள்ளைக்கு இல்லை. அவளுக்கும் தொற்றியிருந்தது, பிழைத்துக்கொண்டாள். முதலாளி பூங்கொத்து அனுப்பினாராம். எவ்வளவு பெரிய மனசு! இன்றும் அவளிடமிருந்து போன் வந்தால், முதலில் இருமல் கேட்கிறதா என்றுதான் காது கொடுக்கிறேன்.